கீரிமலைத் தேநீர்க் கடையிலே

கீரிமலைக் கேணியில் நீராடி எழுந்தவர்களுக்குப் பசி என்றால் என்னவென்று எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒருபுறம் உப்புக் கடல். இடையிலே ஒரு மதில். மறுபுறம் நன்னீர்க் கேணி. ஆறென்று சொல்லத்தக்க வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத யாழ்ப்பாணக் குடாநாட்டிலே, பெய்த மழை சுண்ணாம்புக் கற்பாறையின் வெடிப்புகளூடே இறங்கி, நிலத்தடியிலே கடலை நோக்கி ஓடி, கரையோரத்தில் ஊற்றாய்ப் பொங்கி எழுகின்றது. அந்நீரில் முங்கிக் குளித்து, நகுலேஸ்வரப் பெருமானை வணங்கி வெளியே வரும்பொழுது, வயிறு தன் வழக்கைத் தொடங்கிவிடுகின்றது.

அவ்வழக்கைத் தீர்த்துவைக்கும் நீதிமன்றங்கள் வீதியோரத்துச் சிறு கடைகளே. சென்ற ஒரு ஞாயிறு காலை நாமும் அத்தகைய கடையொன்றின் படியேறினோம். உடன் வந்தவர் தஞ்சாவூர்ப் பக்கத்து நண்பர். நாகபட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் இடையே 2023 ஒக்டோபர் 14இல் தொடங்கி, இடையில் நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் ஓடத் தொடங்கிய கப்பலிலே கடல் கடந்து வந்தவர். நான்கு மணி நேரத்தில் அக்கரையிலிருந்து இக்கரைக்கு வந்துவிடலாம் என்பது இன்றைய பிள்ளைகளுக்கு அதிசயமாய்த் தோன்றாமல் இருக்கலாம். நமக்கோ அது அதிசயமே.

கடை பெரிதன்று. தகரக் கூரை, வடையும் வாய்ப்பனும் அடுக்கிய கண்ணாடிப் பெட்டி, இரண்டு மேசைகள், அவற்றின் இருமருங்கும் வாங்குகள். நால்வர் நெருங்கியிருக்கக்கூடிய நீண்ட மரப்பலகை ஆசனத்தையே நம்மூரவர் வாங்கு என்பர். ஒரு வாங்கிலே முதியவர் ஒருவர் தேநீர் பருகிக்கொண்டிருந்தார். நம்மைக் கண்டதும் சற்றே நகர்ந்து இடம்விட்டார்.

"இருங்கோ தம்பி, தோசை இப்பதான் கல்லிலையிருந்து வருகுது" என்றார் கடைக்காரர்.

மஞ்சள் நிறத் தோசை

தோசை வந்தது. நண்பர் அதனை உற்று நோக்கினார்.

"என்னங்க, மஞ்சளா இருக்கு? இது தோசையா, ஊத்தப்பமா?" என்று வினவினார்.

அவருடைய ஐயம் நியாயமானதே. தமிழ்நாட்டு உணவு விடுதிகளிலே தோசையின் பெருமை அதன் முறுகலிலே இருக்கின்றது. மெல்லியதாகவும் அகலமாகவும் வார்த்து, பொன்னிறமாக்கிச் சுருட்டி, சாம்பாரும் சட்டினியும் துணைவரக் கொடுப்பர். யாழ்ப்பாணத் தோசையோ அளவிற் சிறியது, தடித்தது, பஞ்சுபோல் மெத்தென்றது. உழுந்தும் பச்சையரிசியும் சிறிது வெந்தயமும் ஊறவைத்து அரைத்து, அதனுடன் கோதுமை மாவையும் மஞ்சளையும் கலந்து இரவு முழுதும் புளிக்க விடுவர். விடிந்ததும் வெங்காயம், செத்தல் மிளகாய், கடுகு, பெருஞ்சீரகம், கறிவேப்பிலை ஆகியவற்றை எண்ணெயிலே தாளித்து அந்த மாவிலேயே கொட்டிக் கலப்பர். ஆகவே துணைக்கறி ஏதுமின்றியே உண்ணத்தக்க சுவை தோசைக்குள்ளேயே இருக்கின்றது. அளவுக் கணக்கோ வீட்டுக்கு வீடு மாறும். ஒவ்வொரு வீட்டாரும் தம் கணக்கே சரியென்பர்.

கோதுமை இந்நாட்டிலே விளைவதில்லை. இரண்டாம் உலகப் போரின்போது அரிசிக்குப் பங்கீடு வந்த காலத்திலும் அதற்குப் பின்னரும் கோதுமை மா நம் அடுக்களைகளில் நன்றாக வேரூன்றிவிட்டது. பிட்டிலும் இடியப்பத்திலும் அது புகுந்தது. தோசையிலும் தன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. தட்டுப்பாட்டினால் வந்தது வழக்கமாகி, வழக்கம் சுவையாகிவிட்டது.

தோசைக்குத் துணை, சம்பல். செத்தல் மிளகாயை எண்ணெயிலே பொரித்து, தேங்காய்ப்பூவும் வெங்காயமும் உப்பும் பழப்புளியும் சேர்த்து இடித்தோ அரைத்தோ எடுப்பர். வலிகாமத்துச் செம்மண்ணிலே விளையும் மிளகாய்க்கும் சின்ன வெங்காயத்துக்கும் இதைவிட நல்ல பயன் இருக்க முடியாது என்பது நம் துணிபு. நண்பர் முதல் விள்ளலை உண்டார், கண்ணிலே நீர் வந்தது, தண்ணீர் கேட்டார், பின் இரண்டாவது தோசையும் கேட்டார்.

கடை வந்த கதை

இவ்வாறு காசு கொடுத்துக் கடையிலே உண்ணும் வழக்கம் நம்மிடையே மிகப் பழையதன்று. முன்னாளில் யாத்திரை செல்வோர் கட்டுச்சோறு கொண்டு சென்றனர். அல்லது மடங்களில் உண்டனர். கீரிமலையிலும் அடியார்கள் தங்குவதற்கென மடங்கள் எழுந்தன. ஆடி அமாவாசையன்று தந்தையரை இழந்தோர் ஆயிரக்கணக்கிற் கூடித் தீர்த்தமாடிப் பிதிர்க்கடன் செலுத்தும் இத்தலத்திலே, அன்னதானம் பெரும் புண்ணியமாகக் கருதப்பட்டது.

1905ஆம் ஆண்டில் வடபகுதிப் புகையிரதப் பாதை முழுமை பெற்று, கொழும்புக்கும் காங்கேசன்துறைக்கும் தொடர்பு உண்டாயிற்று. பின்னர் பஸ் வண்டிகள் வந்தன. 1950ஆம் ஆண்டளவில் காங்கேசன்துறையிலே சீமெந்துத் தொழிற்சாலை எழுந்தது. கீரிமலை ஊற்றுக்கு வழிவகுத்த அதே சுண்ணாம்புக் கல்லே அதற்கும் மூலப்பொருள். உத்தியோகத்தர், தொழிலாளர், வண்டிச் சாரதிகள், மாணவர் எனத் தத்தம் வீட்டுக்குத் தொலைவிலே பகற்பொழுதைக் கழிக்கும் ஒரு புதிய கூட்டம் உருவாயிற்று. அவர்களுக்கு வீடும் உதவாது, மடமும் உதவாது. அவர்களுக்காகவே தேநீர்க் கடை பிறந்தது.

காசு உள்ளவர் எவரும் வரலாம். கேட்டதை வாங்கி உண்ணலாம். கடன் ஏதுமின்றி எழுந்து போகலாம். கடை என்பதன் இலக்கணம் இதுவே. ஆனால் நம்மூரிலே அந்த இலக்கணத்துக்கு ஒரு புறனடை இருந்தது.

சிரட்டையிலே தேநீர்

அதனை நமக்கு நினைவூட்டியவர் அருகிலிருந்த முதியவரே. நண்பர் தோசையின் வரலாற்றை விசாரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டு மெல்ல முறுவலித்தார்.

"தோசையின்ரை கதை சொல்லுறியள் தம்பி. இந்த வாங்கின்ரை கதை தெரியுமோ?" என்றார்.

"சொல்லுங்கோ ஐயா" என்றோம்.

"நான் சின்னப் பிள்ளையா இருக்கேக்கை என்ரை அப்பு என்னை இப்பிடி ஒரு கடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தவர். உள்ளுக்கை வரேல்லை. வெளியிலை வேலியோடை நிண்டனாங்கள். சிரட்டையிலை தேத்தண்ணி தந்தவை. அப்புவுக்குக் கையிலை காசு இருந்தது. ஆனா இருக்க வாங்கு இல்லை."

அவ்வளவே சொன்னார். கோபம் அவர் குரலில் இல்லை. அதுவே நம்மை அதிகம் வருத்தியது.

இளைய வாசகர்களுக்கு இதனைச் சிறிது விளக்குதல் வேண்டும். தாழ்த்தப்பட்டோர் எனத் தள்ளிவைக்கப்பட்ட மக்களுக்கு யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளின் உள்ளே இடமில்லாதிருந்தது. சிரட்டையிலோ, தகரப்பேணியிலோ, போத்தலிலோ ஊற்றிக் கொடுக்கப்பட்டதை அவர்கள் வெளியே நின்றோ நிலத்திலே குந்தியிருந்தோ பருகினர். பிறர் வாய் வைக்கும் குவளை அவர்களுக்கு மறுக்கப்பட்டது. ஊர்க் கிணற்றிலே நீர் அள்ளும் உரிமையை மறுத்த அதே வழக்கம், வீட்டு வாசலிலிருந்து கடை வாசலுக்குப் பெயர்ந்து வந்து நின்றது. காசு தீண்டத்தக்கதாயிருந்தது, காசைக் கொடுத்த கை தீண்டத்தகாததாயிற்று. இதிலுள்ள முரண்பாடு பகற்பொழுதுபோலத் தெளிவானது. எனினும், வழக்கம் என்னும் திரை கண்ணை மறைத்தால் பகலும் இரவாகத்தானே தோன்றும்!

சட்டமும் மக்களும்

இதனை எதிர்த்த குரல்கள் இல்லாமற் போகவில்லை. 1924இல் தோன்றிய யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் சாதி வேற்றுமையைக் கண்டித்தது. அவ்வியக்கத்தாரின் அழைப்பின் பேரில் 1927 நவம்பரில் யாழ்ப்பாணம் வந்த காந்தியடிகள், தீண்டாமை ஒழிய வேண்டுமென இங்கும் வற்புறுத்தினார். பின்னர் சிறுபான்மைத் தமிழர் மகாசபை இவ்வுரிமைகளுக்காக இடைவிடாது உழைத்தது. அதன் தலைவர்களுள் ஒருவரான எம். சி. சுப்பிரமணியம் 1970இல் பாராளுமன்றத்துக்கு நியமன உறுப்பினராகச் சென்றார்.

1957ஆம் ஆண்டில் சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் நிறைவேறியது. சாதி காரணமாக ஒருவரை உணவுக் கடை முதலிய பொது இடங்களுக்குள் புகவிடாது தடுப்பது குற்றமாயிற்று. யாழ்ப்பாண நகரத்துக் கடைகள் சில நாளடைவில் வழிவிட்டன. கிராமங்களிலோ சட்டம் நூலிலும் சிரட்டை வேலியிலும் தொங்கிக்கொண்டிருந்தன.

1966 ஒக்டோபர் 21இல் சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கி ஓர் ஊர்வலம் புறப்பட்டது. பொலிசாரின் அடியையும் தாங்கி அது முன்சென்றது. அந்த எழுச்சியின் வழிவந்த தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம், சங்கானை முதலிய இடங்களிலே தேநீர்க் கடைப் பிரவேசத்தைத் தொடர்ந்து நடத்தியது. ஒரு குவளைத் தேநீருக்காக மண்டைகள் உடைந்தன; உயிர்களும் போயின. 1968இல் போராட்டம் கீரிமலைக்கு மிக அண்மையிலுள்ள மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலுக்கு வந்து சேர்ந்தது. அங்கே வழிமறித்து நின்றவர்களுள் முன்னாள் அமைச்சர் சி. சுந்தரலிங்கமும் ஒருவர். கணித மேதை எனப் பெயர்பெற்ற அவர்மீது 1957ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் வழக்குத் தொடரப்பட்டது. இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்ற மேன்முறையீடு 1971இல் தள்ளுபடியாயிற்று.

அக்காலத்து யாழ்ப்பாணத்தை எழுத்திலே காண விரும்பும் மாணவர், 1972இல் வெளிவந்த கே. டானியலின் 'பஞ்சமர்' நாவலைத் தேடிப் படிப்பார்களாக.

இக்கதையைக் கேட்ட நண்பர், "எங்க ஊரும் இதுக்கு இளைச்சதில்லைங்க" என்றார். உண்மையே. 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பு, கடைகளிலும் பொது உணவு விடுதிகளிலும் சாதி பற்றிய தடை எதுவும் கூடாதென வெளிப்படையாகவே விதித்தது. தீண்டாமையையே ஒழித்ததாகவும் அறிவித்தது. இருந்தும், 1957இல் சென்னைத் திருவல்லிக்கேணியிலே முரளி கபே என்னும் உணவு விடுதியின் பெயர்ப் பலகையில் இருந்த 'பிராமணாள்' என்ற சொல்லை அகற்றுவதற்குப் பெரியார் ஈ. வெ. ரா. மாதக்கணக்கிலே மறியல் நடத்த வேண்டியிருந்தது. பலர் சிறை சென்ற பின் 1958இலேதான் அச்சொல் மறைந்தது.

கடல்கள் பல கடந்த அமெரிக்காவிலும் இதே கதைதான். 1960 பெப்ரவரி 1ஆம் நாள், வட கரோலைனா மாநிலத்துக் கிரீன்ஸ்பரோ நகரிலே கறுப்பின மாணவர் நால்வர், வெள்ளையருக்கென ஒதுக்கப்பட்ட சிற்றுண்டிப் பகுதியிலே சென்றமர்ந்து கோப்பி கேட்டனர். கொடுக்கப்படவில்லை. எழுந்து போகவும் அவர்கள் மறுத்தனர். மறுநாளும் வந்தனர், அவர்களைக் கண்டு பிறரும் வந்தனர். அவ்வாண்டு யூலையிலே அக்கடை வழிக்கு வந்தது.

மூன்று தேசங்கள், மூன்று பானங்களும் பண்டங்களும், வழக்கு ஒன்றுதான். பசியுள்ள மனிதன் மற்றொரு மனிதனின் அருகிலே அமர்ந்து உண்ணலாமா, கூடாதா என்பதே அது. ஓரிடத்திலே இருந்து உண்பது அற்ப காரியமென்றால், அதனைத் தடுப்பதற்கு இத்தனை பேர் இத்தனை பாடுபட்டிருக்க மாட்டார்கள்.

வாங்கே இல்லாத காலம்

வாங்கிலே இடம் கிடைத்த பின்னர், வாங்கே இல்லாமற் போன காலமும் வந்தது. 1990 யூனிலே போர் மீண்டும் மூண்டபோது வலிகாமம் வடக்கு மக்கள் ஊர்விட்டு அகன்றனர். அவ்வாண்டு ஒக்டோபரிலே நகுலேஸ்வரர் ஆலயம் விமானக் குண்டுவீச்சினால் சிதைந்தது. காங்கேசன்துறைக்குப் புகையிரதம் நின்றது. சீமெந்துத் தொழிற்சாலை ஓய்ந்தது. நிலம் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. அடுப்பு அணைந்த கடைகளைப் பற்றைக்காடு மூடியது. குடாநாட்டின் பிற பகுதிகளிலோ பொருளாதாரத் தடையினால் சீனியும் மண்ணெண்ணெயும் கிடைத்தற்கரியனவாயின. பனங்கட்டித் துண்டொன்றைக் கடித்துக்கொண்டு வெறுந்தேநீர் பருகியதை அக்காலத்தவர் இன்றும் சொல்வர்.

இடம்பெயர்ந்தோர் நலன்புரி முகாம்களிலே ஒரே வரிசையில் நின்று உணவு பெற்றனர். துன்பம் அனைவரையும் சமமாக்கிவிட்டது என்று சொல்ல ஆசையாகத்தான் இருக்கின்றது. ஆயின் அது முழு உண்மையன்று. உறவும் பொருளும் காணியும் உடையோர் நாளடைவில் முகாமைவிட்டு வெளியேறினர். நெடுங்காலம் அங்கேயே எஞ்சியிருந்தோரிற் பெரும்பகுதியினர் காணியற்றவர்களும் ஒடுக்கப்பட்ட சமூகத்தவருமே என ஆய்வாளர்கள் எழுதியுள்ளனர். கடை வாசலைத் திறந்த சட்டத்தினால் காணியைக் கொடுக்க முடியவில்லை.

2009இல் போர் முடிந்த பின்னர் நிலங்கள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. நகுலேஸ்வரத்திலே 2012இல் கும்பாபிடேகம் நிறைவேறியது. 2015 சனவரியில் காங்கேசன்துறைக்குப் புகையிரதம் மீண்டும் வந்தது. இன்னும் தம் காணிக்குத் திரும்பாதோரும் உளர். படையினர் வசமுள்ள நிலமும் உண்டு. எனினும் ஆடி அமாவாசைக்குக் கேணி நிறைகின்றது. அடுப்புகள் மீண்டும் புகைகின்றன.

அந்த அடுப்புகளுக்கும் சோதனை ஓயவில்லை. 2022ஆம் ஆண்டு நெருக்கடியிலே சமையல் எரிவாயு அற்றுப்போய், கோதுமை மாவின் விலையும் பன்மடங்கு ஏறியபோது, நாடெங்கும் சிறு கடைகள் பல மூடப்பட்டன. நாம் சென்ற கடைக்காரர் அப்போது விறகடுப்பு மூட்டிச் சமாளித்தாராம்.

"தோசையின்ரை அளவு கொஞ்சம் சிறுத்தது, கடை மூடேல்லை" என்று அவர் பெருமிதத்தோடு கூறினார்.

இன்னும் எஞ்சியிருப்பது

இன்று இக்கடையிலே வேலியோரம் எவரும் நிற்பதில்லை. எல்லோருக்கும் ஒரே தட்டு, ஒரே குவளை, ஒரே விலை. யார் எவ்வூர், எக்குடி எனக் கடைக்காரர் கேட்பதில்லை. பள்ளி மாணவர் நால்வர் வந்து எதிர்வாங்கிலே நெருங்கியிருந்து வடை தின்றனர். அவர்களுக்கு அது வெறும் பலகை. அவ்வாறு இருப்பதே நமக்கு மகிழ்ச்சி.

ஆனால் நம் வீட்டு அடுக்களையிலே என்ன நடக்கின்றது? கடையிலே அருகிருந்து உண்டவரை நம் வீட்டு முற்றத்துக்கு அப்பாலும் அழைக்கின்றோமா? மணப்பந்தியிலே அவருக்கு இலை போடுகின்றோமா? பனையேறித் தந்த கருப்பநீரின் இனிமையைப் புகழும் நாம், பனையேறியவரை எந்தச் சொல்லால் விளிக்கின்றோம்? சட்டம் கடைக் கதவைத் திறக்கலாம். வீட்டுக் கதவைத் திறப்பதற்கு வீட்டிலுள்ளோரே எழுந்து வரவேண்டும்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலே பாட்டனோ பாட்டியோ இருப்பின், அவர்கள் இளமையிலே தேநீர்க் கடைக்குச் சென்றதுண்டா, எங்கே இருந்து பருகினார்கள், யார் வெளியே நின்றார்கள் என்று ஒருநாள் கேட்டுப் பாருங்கள். உள்ளே இருந்தவரும் சொல்லட்டும். வெளியே நின்றவரும் சொல்லட்டும். நூல்களில் அச்சேறாத வரலாறு அவர்கள் நெஞ்சிலே இருக்கின்றது. அது அவர்களோடு போய்விடுதல் கூடாது.

நாம் கைகழுவி எழுந்தோம். முதியவரின் தேநீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்க நண்பர் முற்பட்டார். முதியவர் கையமர்த்தினார்.

"வேண்டாம் தம்பி. என்ரை தேத்தண்ணிக்கு நானே குடுக்கிறன்" என்று மடியிலிருந்து காசை எடுத்து மேசைமேல் வைத்தார். அதனை மறுத்துப் பேச நமக்கு வாய் எழவில்லை.

கடைக்காரர் காசை வாங்கிக்கொண்டு, "நாளைக்கும் வாங்கோ அண்ணை" என்றார்.

'வா' என்றும் 'போ' என்றும் அழைக்கப்பட்ட ஒருவரின் மகன் அவர். 'வாங்கோ' என்ற அந்தச் சொல்லைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு, தம் துவிச்சக்கர வண்டியை உருட்டிக்கொண்டு வீதியில் இறங்கினார்.